மெட்டாமாஸ்க் வாலட்: முதல்முறை நிறுவுபவர்கள் கேட்கும் கேள்விகள்

நண்பர்களுக்கும் சொந்தக்காரர்களுக்கும் மெட்டாமாஸ்க் எக்ஸ்டென்ஷனை (ப்ரவுசரில் சேர்க்கும் சிறு நிரலை) நிறுவிக் கொடுக்கும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். எந்தக் கிரிப்டோ நாணயத்தை வாங்கலாம், எது ஏறும் என்பதெல்லாம் இதில் இல்லை. வைத்திருப்பதைப் பறிகொடுக்காமல் இருப்பது எப்படி என்பது மட்டும்தான்.

மெட்டாமாஸ்க் என்பது என்ன? என் நாணயம் அதற்குள்ளா இருக்கிறது?

இல்லை. நாணயம் எத்தீரியம் போன்ற பிளாக்செயினில், அதாவது எல்லோரும் பார்க்கக்கூடிய பொதுக் கணக்கேட்டில், பதிவாக இருக்கிறது. அதை நகர்த்தத் தேவையான சாவிதான் மெட்டாமாஸ்க்கில் இருக்கிறது. 2016-இல் வெளிவந்த, கன்சென்சிஸ் நிறுவனத்தின் தயாரிப்பு இது. ப்ரவுசரின் மேல்மூலையில் நரிமுகமாகத் தெரியும். லேப்டாப் உடைந்தாலும், எக்ஸ்டென்ஷனை நீக்கினாலும் நாணயம் அங்கேயேதான் இருக்கும். சாவி மட்டும் உங்களிடம் இருக்க வேண்டும். அந்தச் சாவியின் எழுத்து வடிவம்தான் 12 ஆங்கில வார்த்தைகள். சீட் ஃப்ரேஸ் என்றும் மீட்பு வாக்கியம் என்றும் சொல்வது இதைத்தான்.

எக்ஸ்சேஞ்சில் ஏற்கெனவே கணக்கு இருக்கிறது. இது எதற்கு?

எக்ஸ்சேஞ்சில், அதாவது நாணயம் வாங்கி விற்க உதவும் நிறுவனத்தில், சாவி அவர்களிடம் இருக்கும். 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சில் சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் திருடு போனபோது, சாவி தங்கள் கையில் இல்லாத லட்சக்கணக்கான பேர் ஒரு வருடத்துக்கும் மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று. சொந்த வாலட்டில் அந்த ஆபத்து இல்லை. ஆனால் காவல் காக்கும் வேலை முழுவதும் உங்கள் தலையில் வரும். வாங்கி விற்பது மட்டும்தான் நோக்கம், வேறு தளங்களில் பயன்படுத்தப்போவதில்லை என்றால் அவசரப்பட்டு இதற்குள் வர வேண்டாம் என்பதே என் கருத்து.

எங்கிருந்து இறக்குவது?

கூகுளில் தேடாதீர்கள். தேடலின் மேலே வரும் விளம்பர இணைப்புகளில் போலித் தளங்கள் பலமுறை வந்திருக்கின்றன. மெட்டாமாஸ்க் டாட் ஐஓ (metamask.io) என்ற முகவரியை அட்ரஸ் பாரில் நீங்களே தட்டச்சு செய்து, அங்கிருக்கும் டவுன்லோட் பொத்தானை அழுத்துங்கள். அதுவே குரோம் ஸ்டோருக்கோ ஃபயர்ஃபாக்ஸ் பக்கத்துக்கோ கொண்டுபோய் விடும். அங்கே வெளியிட்டவர் பெயரைப் பாருங்கள், எத்தனை பேர் நிறுவியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். உண்மையான மெட்டாமாஸ்க்குக்கு குரோமில் ஒரு கோடிக்கு மேல் காட்டும். சில நூறு பேர்தான் என்றால் உடனே மூடிவிடுங்கள்.

ஸ்டோரில் இருப்பதாலேயே ஒன்று நல்லது என்று ஆகிவிடாது. 2020 ஏப்ரலில் மெட்டாமாஸ்க், லெட்ஜர், ட்ரெசர் போன்ற வாலட்களின் பெயர்களில் உலவிய 49 போலி எக்ஸ்டென்ஷன்களை கூகுள் ஒரே சமயத்தில் நீக்கியது. நீக்கும் நாள்வரை அவையும் அதே ஸ்டோரில்தான் இருந்தன.

தினமும் பயன்படுத்தும் குரோமிலேயே போடலாமா?

போட்டால் வேலை செய்யும். ஆனால் நான் யாருக்கும் அப்படிப் போட்டுக் கொடுப்பதில்லை. கூப்பன் தேடித் தரும் எக்ஸ்டென்ஷன், வீடியோ இறக்கும் எக்ஸ்டென்ஷன் எல்லாம் நிறுவும்போது "எல்லாத் தளங்களிலும் உள்ள தகவலைப் படிக்கவும் மாற்றவும்" அனுமதி கேட்கும். நாமும் யோசிக்காமல் கொடுத்திருப்போம். அவற்றில் ஒன்று கெட்டுப்போனாலும், வாலட்டோடு பேசும் பக்கத்தில் தெரியும் வாலட் அட்ரஸை (பணம் அனுப்பும் கணக்கு எண் போன்றது) அதனால் மாற்றிக் காட்ட முடியும்.

அதனால் குரோமிலோ பிரேவிலோ புதிதாக ஒரு ப்ரொஃபைல் திறந்து, அதில் மெட்டாமாஸ்க்கை மட்டும் போடுங்கள். வேறு நிறம் வைத்துக்கொண்டால் எந்த ஜன்னலில் இருக்கிறோம் என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் ப்ரவுசிங் சென்டரிலும் போடவே கூடாது.

நிறுவும்போது என்னென்ன வரும்?

புது வாலட் தொடங்குவதா, ஏற்கெனவே இருப்பதைக் கொண்டுவருவதா என்று கேட்கும். புதிது என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் பாஸ்வேர்ட்: குறைந்தது 8 எழுத்து என்பார்கள், நீங்கள் 14, 15 எழுத்து வையுங்கள். அடுத்து மங்கலாக மறைத்த ஒரு கட்டம் வரும். தொட்டால் 12 வார்த்தைகள் தெரியும். அவற்றைப் பேனாவால் காகிதத்தில், எண் போட்டு, வரிசை மாறாமல் எழுதுங்கள். பிறகு சில வார்த்தைகளைக் கேட்டுச் சரிபார்க்கும். எல்லாம் பத்து நிமிட வேலைதான். ஆனால் வீட்டில் விருந்தினர் இருக்கும்போதோ, வீடியோ காலில் ஸ்க்ரீன் ஷேர் போட்டுக்கொண்டோ செய்யாதீர்கள்.

யாராவது 12 வார்த்தைகளை முன்கூட்டியே எழுதி "இதை வைத்து உள்ளே போ" என்று கொடுத்தால் அந்த வாலட் அவருடையது. அதில் நீங்கள் போடும் பணமும் அவருடையதுதான்.

கூகுள் கணக்கை வைத்தே தொடங்கலாம் என்று காட்டுகிறதே?

2025 முதல் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கோடு ஒரு பாஸ்வேர்டும் சேர்த்துத் தொடங்கும் வழி இருக்கிறது. இதிலும் பின்னணியில் 12 வார்த்தைகள் உருவாகத்தான் செய்கின்றன. அந்தப் பாஸ்வேர்டை மறந்தால் நிறுவனத்தால் மீட்டுத் தர முடியாது. சிறு தொகைக்குச் சரி. இந்த வழியில் போனாலும் செட்டிங்ஸில் 12 வார்த்தைகளைத் திறந்து காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

12 வார்த்தைகளை போட்டோ எடுத்து வைக்கலாமா?

கூடாது. போனில் எடுத்த படம் நமக்கே தெரியாமல் கூகுள் போட்டோஸுக்கும் ஐகிளவுடுக்கும் போய்விடும். வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பி வைப்பது, மெயில் டிராஃப்ட்டில் போடுவது, எக்ஸெல் ஷீட்டில் போடுவது எல்லாம் அதே கதைதான். இணையத்தில் இருக்கும் எந்த இடமும் வேண்டாம்.

காகிதத்தில் எழுதி, வீட்டுப் பத்திரமும் நகையும் எங்கே இருக்குமோ அங்கே வையுங்கள். இரண்டு பிரதி எழுதி, ஒன்றை வேறொரு வீட்டிலோ பேங்க் லாக்கரிலோ வைப்பது நல்லது. சாதாரண பால்பாயிண்ட் பேனாவால் எழுதுங்கள். நான் முதலில் ஜெல் பேனாவால் எழுதி பீரோவில் வைத்திருந்தேன். அந்த வருட ஐப்பசி மழையில் பீரோவுக்குள் ஈரம் ஏறி, ஏழாவது வார்த்தையின் பின்பாதி கரைந்துவிட்டது. முன்பாதி தெரிந்ததால் தப்பித்தேன். இந்த வார்த்தைகள் 2048 சொற்கள் கொண்ட ஒரு நிலையான பட்டியலிலிருந்து வருகின்றன. அந்தப் பட்டியலில் எந்த இரண்டு சொல்லுக்கும் முதல் நான்கு எழுத்து ஒன்றாக இருக்காது. நான்கு எழுத்து தெரிந்தால் போதும், சொல் எது என்று கண்டுபிடித்துவிடலாம். பெரிய தொகை வைத்திருப்பவர்கள் ஸ்டீல் தகட்டில் பொறித்து வைக்கிறார்கள். தீ, வெள்ளம், பூச்சி எதற்கும் அது அசையாது.

எழுதியது சரிதானா என்று பார்க்க ஒரு வழி உண்டு, நான் எல்லோரையும் செய்யச் சொல்வேன். பணம் போடுவதற்கு முன்னாலேயே எக்ஸ்டென்ஷனை நீக்கிவிட்டு, மறுபடி நிறுவி, காகிதத்தைப் பார்த்து வாலட்டைத் திரும்பக் கொண்டுவாருங்கள். அதே அட்ரஸ் வந்தால் காகிதம் சரி.

பாஸ்வேர்டுக்கும் 12 வார்த்தைகளுக்கும் என்ன வித்தியாசம்?

கூகுள், ஆப்பிள் வழியில் அல்லாமல் தொடங்கியிருந்தால், பாஸ்வேர்ட் அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும். மறந்தால் 12 வார்த்தைகளை வைத்துப் புதுப் பாஸ்வேர்ட் போட்டுக்கொள்ளலாம். 12 வார்த்தைகள் தொலைந்து பாஸ்வேர்டும் மறந்தால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. 12 வார்த்தைகளும் இன்னொருவர் கைக்குப் போனால், அவருக்கு உங்கள் பாஸ்வேர்டே தேவையில்லை.

அப்படியென்றால் பாஸ்வேர்ட் ஏனோதானோவென்று இருக்கலாமா என்றால், அதுவும் கூடாது. கிராக் செய்த சாஃப்ட்வேர், கேம் இறக்கும்போது கூடவே வரும் ரெட்லைன் போன்ற திருட்டு நிரல்கள், வாலட்டின் பூட்டிய கோப்பை அப்படியே நகலெடுத்து அனுப்பிவிடும். பிறகு திருடன் தன் கம்ப்யூட்டரில் நிதானமாக பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பான். பிறந்த தேதியும் பிள்ளை பெயரும் அங்கே நிற்காது.

என் அட்ரஸை மற்றவர்களுக்குக் கொடுக்கலாமா?

தாராளமாக. பணம் வாங்க அது போதும். ஆனால் அட்ரஸ் தெரிந்த எவரும் ஈதர்ஸ்கேன் தளத்தில் உங்கள் இருப்பையும் முழு வரவு செலவையும் பார்க்கலாம். வெளியில் கொடுப்பதற்கு ஒரு அக்கவுண்ட், சேமிப்புக்கு வேறொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்சேஞ்சிலிருந்து அனுப்பினேன், வாலட்டில் தெரியவில்லையே?

பதற வேண்டாம். பெரும்பாலும் நெட்வொர்க் குழப்பம்தான், அதாவது எந்த பிளாக்செயினில் அனுப்பினோம் என்ற குழப்பம். "0x" (பூஜ்யம், எக்ஸ்) என்று தொடங்கும் உங்கள் அட்ரஸ் எத்தீரியத்திலும் உண்டு, பாலிகானிலும் உண்டு, பிஎன்பி செயினிலும் உண்டு. மதுரையிலும் 12-ஆம் நம்பர் வீடு இருக்கும், திருச்சியிலும் இருக்கும். பணம் எந்த ஊருக்குப் போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். எக்ஸ்சேஞ்சில் எந்த நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுத்தீர்களோ அதையே மெட்டாமாஸ்க்கிலும் திறங்கள். டோக்கன் (நெட்வொர்க்கின் சொந்த நாணயம் அல்லாத மற்ற நாணயம்) தெரியாவிட்டால் இம்போர்ட் செய்யுங்கள். டாலர் மதிப்பை ஒட்டிய டோக்கனான யுஎஸ்டிடியை அனுப்பும்போது மட்டும் கூடுதல் கவனம் தேவை. ட்ரான் நெட்வொர்க் அட்ரஸ் "T" என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும், எத்தீரிய அட்ரஸ் அப்படித் தொடங்காது.

எந்தத் தொகையானாலும் முதலில் சிறிது அனுப்பி, வந்து சேர்ந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு மீதியை அனுப்புங்கள்.

கேஸ் கட்டணம் என்றால்?

பரிவர்த்தனையைப் பதிவு செய்ய நெட்வொர்க் வாங்கும் கூலி. எத்தீரியத்தில் அதை அதன் சொந்த நாணயமான ஈதரில்தான் கட்ட வேண்டும். ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஈதர் அனுப்ப 21,000 கேஸ் (வேலையை அளக்கும் அலகு) ஆகும். ஒரு கேஸுக்கு 10 க்வை விலை என்றால் மொத்தம் 0.00021 ஈதர். ஒரு க்வை என்பது ஈதரில் நூறு கோடியில் ஒரு பங்கு. வாலட்டில் ஆயிரம் டாலர் யுஎஸ்டிடி இருந்தும் ஈதர் துளிகூட இல்லை என்றால் பொதுவாக எதையும் நகர்த்த முடியாது. கட்டணம் தோல்வியடைந்த பரிவர்த்தனைக்கும் உண்டு. கைப்பழக்கம் வர செப்போலியா என்ற சோதனை நெட்வொர்க்கில் இலவச ஈதர் வாங்கி அனுப்பிப் பாருங்கள். அதற்கு விலை கிடையாது, போனாலும் கவலையில்லை.

கனெக்ட், சைன், அப்ரூவ் என்று விதவிதமாகக் கேட்கிறது. எல்லாம் ஒன்றுதானே?

ஒன்றல்ல. 12 வார்த்தைகளைப் பத்திரமாக வைத்திருப்பவர்களும் பணத்தை இழப்பது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கனெக்ட் என்றால் தளம் உங்கள் அட்ரஸைப் பார்க்கும், அவ்வளவுதான். பணத்தைத் தொட முடியாது.

அப்ரூவ் என்றால் உங்கள் டோக்கனைத் தானாக எடுத்துக்கொள்ள பிளாக்செயினில் தானாக இயங்கும் ஒரு ஒப்பந்த நிரலுக்கு அனுமதி கொடுக்கிறீர்கள். ஒரு பரிமாற்றத் தளத்தில் 50 டாலர் யுஎஸ்டிசியை (இதுவும் டாலர் மதிப்பை ஒட்டிய டோக்கன்) மாற்றப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வரும் ஜன்னலில் ஸ்பெண்டிங் கேப் (அதிகபட்சம் எவ்வளவு எடுக்கலாம்) என்று ஒரு வரி இருக்கும். பல தளங்கள் அங்கே அளவில்லாத் தொகையைப் போட்டு வைத்திருக்கும். அப்படியே கன்ஃபர்ம் அழுத்தினால் தொகை எழுதாத செக்கில் கையெழுத்துப் போட்டது போலத்தான். இன்றைக்கு 50 டாலர்தான் எடுப்பார்கள். அடுத்த வருடம் நீங்கள் 5,000 டாலர் கொண்டுவந்து வைக்கும்போதும் அந்த அனுமதி உயிரோடு இருக்கும். அந்த வரியைத் தொட்டு 50 என்று மாற்றிவிட்டு அழுத்துங்கள்.

சைன் என்பது கேஸ் கட்டணம் கேட்காத கையெழுத்து. கட்டணம் இல்லை என்பதால் ஆபத்தும் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். பல டோக்கன்களில் பெர்மிட் என்றொரு வசதி உண்டு. அதில் ஒரு கையெழுத்து மட்டும் போதும், அப்ரூவ் செய்ததற்குச் சமம். ஜன்னலில் பெர்மிட், ஸ்பெண்டர், வேல்யூ என்ற சொற்களைப் பார்த்தால் நிறுத்திப் படியுங்கள். புரியவில்லை என்றால் ரிஜெக்ட்.

யுபிஐயில் பணம் வாங்க பின் நம்பர் போட வேண்டியதில்லை என்று நம் எல்லோருக்கும் தெரியும். இங்கும் அதேதான். உங்களுக்கு நாணயம் வந்து சேர நீங்கள் எதையும் அப்ரூவ் செய்ய வேண்டியதில்லை. "இலவச ஏர்டிராப் வாங்க அப்ரூவ் செய்யுங்கள்" என்று ஒரு தளம் கேட்டால், அது வாங்கப் பார்க்கிறது.

பழைய அனுமதிகளை எப்படி நீக்குவது?

டிஸ்கனெக்ட் செய்தால் போகாது. வாலட்டைப் பூட்டினாலும் போகாது. ரிவோக் டாட் கேஷ் (revoke.cash) தளத்திலோ ஈதர்ஸ்கேனின் டோக்கன் அப்ரூவல் பக்கத்திலோ ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் சிறு கேஸ் கட்டணம் ஆகும். மாதம் ஒருமுறை பாருங்கள்.

பெயர் பெற்ற தளம் என்றால் பயமில்லைதானே?

2021 டிசம்பரில் பேட்ஜர் டாவோ என்ற தளத்தின் உண்மையான முகவரியிலேயே திருடர்கள் தங்கள் நிரலைச் செருகிவிட்டார்கள். வழக்கம்போல் வந்தவர்களிடம் கூடுதலாக ஒரு அப்ரூவல் கேட்டது, அழுத்தினார்கள். போனது சுமார் 12 கோடி டாலர். 2023 டிசம்பரில் பல தளங்கள் பயன்படுத்தும் லெட்ஜர் கனெக்ட் கிட் என்ற நிரல்தொகுப்பிலும் இப்படி நடந்தது. தளம் எதுவானாலும் ஜன்னலில் வரும் எழுத்தைப் படித்தே ஆக வேண்டும்.

நான் வாங்காத டோக்கன் என் வாலட்டில் வந்திருக்கிறது. விற்கலாமா?

தொடாதீர்கள். மறைத்துவிடுங்கள். அதன் பெயரில் இருக்கும் இணையதளத்துக்குப் போகவே போகாதீர்கள்.

அட்ரஸை காப்பி செய்துதான் போடுகிறேன், தப்பு வருமா?

எங்கிருந்து காப்பி செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நீங்கள் அடிக்கடி அனுப்பும் அட்ரஸின் முதல் நான்கும் கடைசி நான்கும் ஒத்துப்போகிற மாதிரி திருடன் ஓர் அட்ரஸை உருவாக்கி, அதிலிருந்து ஒன்றுமில்லாத ஒரு பரிவர்த்தனையை உங்கள் பட்டியலில் விழவைப்பான். நீங்கள் அவசரத்தில் அதைக் காப்பி செய்வீர்கள். 2024 மே மாதம் ஒருவர் இப்படி 1,155 டபிள்யூபிடிசியை (பிட்காயின் மதிப்பை ஒட்டிய டோக்கன்) அனுப்பிவிட்டார், மதிப்பு சுமார் 6 கோடியே 80 லட்சம் டாலர். சில நாள் கழித்துப் பெரும்பகுதி திரும்ப வந்தது. அப்படித் திரும்பி வருவது மிக மிக அபூர்வம். பழைய பரிவர்த்தனையிலிருந்து காப்பி செய்யாமல் கான்டாக்ட்ஸில் சேமித்து அதிலிருந்து எடுங்கள். ஒட்டியபின் நடுவிலும் நான்கு எழுத்தை ஒப்பிடுங்கள்.

சிக்கல் வந்தால் கஸ்டமர் கேர் உண்டா?

மெட்டாமாஸ்க் தளத்தில் சப்போர்ட் பக்கம் இருக்கிறது. உங்களைத் தேடி அவர்கள் வரமாட்டார்கள், போன் செய்ய மாட்டார்கள். 12 வார்த்தைகளைக் கேட்கவே மாட்டார்கள்.

என் சித்தப்பா மகன் ஒரு ராத்திரி ஒன்பது மணிக்கு டெலிகிராம் குழு ஒன்றில் "பரிவர்த்தனை பெண்டிங்கில் நிற்கிறது, என்ன செய்ய" என்று கேட்டான். ஒரு நிமிடத்துக்குள் நரிமுகப் படத்தோடு தனிச்செய்தி வந்தது. மரியாதையாகப் பேசினார்கள், டிக்கெட் நம்பர் கொடுத்தார்கள், ஒரு படிவம் அனுப்பினார்கள். படிவத்தில் 12 கட்டங்கள். அவன் காகிதத்தை எடுத்துவந்து ஒவ்வொன்றாக நிரப்பினான். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து பார்த்தபோது வாலட் காலி. எட்டு மாதச் சேமிப்பு. அவன் படித்தவன், விவரமானவன். களைப்பாக இருந்த நேரத்தில் உதவி என்று ஒருவர் வந்தார், நம்பினான். 12 வார்த்தைகளைத் தட்ட வேண்டிய ஒரே இடம், வாலட்டை மீட்கும்போது எக்ஸ்டென்ஷனின் சொந்தத் திரை மட்டுமே.

ஹார்டுவேர் வாலட் வாங்க வேண்டுமா?

போனால் தூக்கம் கெடும் அளவுக்குத் தொகை இருந்தால், ஆமாம். சாவியைத் தனக்குள் வைத்திருக்கும் லெட்ஜர், ட்ரெசர் போன்ற சிறு கருவிகளை மெட்டாமாஸ்க்கோடு இணைக்கலாம். சாவி அந்தக் கருவியை விட்டு வெளியே வராது. தயாரிப்பாளர் தளத்திலிருந்து புதிதாக வாங்குங்கள், பழையது வேண்டாம். மெட்டாமாஸ்க்கில் ஏற்கெனவே இருக்கும் 12 வார்த்தைகளை அதில் போடாமல், கருவியிலேயே புதிதாக உருவாக்குங்கள். தவறான அப்ரூவலை நீங்களே அழுத்தினால் கருவியும் காப்பாற்றாது.

பணம் போய்விட்டது. இப்போது என்ன செய்வது?

12 வார்த்தைகள் கசிந்திருந்தால், வேறு சுத்தமான கம்ப்யூட்டரில் புது வாலட் தொடங்கி, மீதி இருப்பதை உடனே அங்கே மாற்றுங்கள். பழைய வாலட்டை அதோடு மறந்துவிடுங்கள். டோக்கனை மீட்கலாம் என்று அதில் ஈதர் போட்டால், காத்திருக்கும் தானியங்கி நிரல் சில நொடிகளில் அதையும் எடுத்துவிடும். அப்ரூவல் வழியாகப் போயிருந்தால் அதை முதலில் ரிவோக் செய்யுங்கள். இந்தியாவில் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் கொடுங்கள். பரிவர்த்தனை எண்ணையும் திருடனின் அட்ரஸையும் குறித்துக் கொடுங்கள். நாணயம் ஏதாவது எக்ஸ்சேஞ்சுக்குப் போயிருந்தால் முடக்க வாய்ப்புண்டு. "மீட்டுத் தருகிறேன், முன்பணம் கொடு" என்று வருபவர் இரண்டாவது திருடர்.

சொந்த வாலட்டில் இருந்தால் வரி கிடையாதா?

உண்டு. இந்தியாவில் 2022 ஏப்ரல் முதல் லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் செஸ். 2022 ஜூலை முதல் 1 சதவீத டிடிஎஸ். ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. ஒரு டோக்கனைக் கொடுத்து இன்னொன்றை மாற்றுவதும் விற்பனைதான். வாங்கிய தேதி, விலை, பரிவர்த்தனை எண் மூன்றையும் அன்றன்றைக்கே எழுதி வையுங்கள்.

எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் வீட்டார் எப்படி எடுப்பார்கள்?

இதைக் கேட்பவர்கள் குறைவு, நானாகச் சேர்க்கிறேன். கிரிப்டோ நாணயமும் சொத்துதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் 12 வார்த்தைகள் இல்லாமல் எந்த வாரிசுச் சான்றிதழாலும் சொந்த வாலட்டைத் திறக்க முடியாது. ஒரு கடிதம் எழுதி வையுங்கள். வாலட்டின் பெயர், எந்தெந்த நெட்வொர்க்கில் என்ன இருக்கிறது, காகிதம் எந்தப் பெட்டியில் இருக்கிறது, விவரம் தெரிந்த எந்த உறவினரை உடன் வைத்துக்கொண்டு திறக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். 12 வார்த்தைகளை மட்டும் கடிதத்தில் எழுதாதீர்கள். கடிதம் ஓரிடம், காகிதம் வேறிடம். மனைவியையோ கணவரையோ பக்கத்தில் உட்கார வைத்து, செப்போலியாவில் ஒருமுறை அவர் கையாலேயே வாலட்டை மீட்டு, அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும்.